பெங் அண்ணன் பெயர் போட்ட வாளி

கிம் அக்கா கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "தம்பி, காலைல ஒரு செவப்புப் பை இங்க வெச்சிட்டுப் போனேன், பாத்தீங்களா?" என்று கேட்டபோது, அந்தப் பையில் இருந்தது முழுவதும் என் முழங்கை வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்பது போல. பின்னால் தரையில் சொட்டுச் சொட்டாகக் காகிதக் கூழ் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று ரொம்பச் சத்தமாக இருமினேன்.

"இல்லையேக்கா. நான் பாக்கல."

அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய பொய்யா அது? எழுபதைத் தாண்டிய பெண்மணியிடம், அதுவும் வாரா வாரம் எனக்குப் பழைய செய்தித்தாள் கட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறவரிடம். அவர் என் வாசலில் இருந்த செருப்பு அலமாரியை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி தம்பி, குப்பைக்காரங்க எடுத்திருப்பாங்க போல" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

சென்ற வாரம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கதையை எழுதியிருந்தேன். "அதற்கப்புறம் சும்மாவா இருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சும்மா இருந்திருக்கலாம். இந்த வாரக் கதை அதுதான்.

தோசைக்கு அளவு பார்த்தவன்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். எளிமையாகச் சொன்னால், மற்றவர்கள் செய்ததை வாங்கிப் பார்த்து "இது ஆகாது" என்று சொல்வதற்குச் சம்பளம். லேபிள் கோணலாக இருந்தால் ரிஜெக்ட். லேபிளில் தேதி இல்லாவிட்டால் ரிஜெக்ட். லேபிளே இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைத் தொடக்கூட மாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் பையன்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு என் கவனம் சமையலறைப் பக்கம் திரும்பியது. என் மனைவி புஷ்பா சுடும் தோசைகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுவதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அன்று மத்தியானமே அவள் கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு ஏதாச்சும் வேலை குடு. இல்லைன்னா அவரை அங்க அனுப்பிடுவேன்" என்றாள். மகள் பயந்துபோய் இணையத்தில் ஒரு களிமண் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள்.

சக்கரம் வேண்டாம், கையாலேயே செய்யலாம் என்றார்கள். பினாங்கில், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிப் பால்கனி என் பட்டறையானது. முதல் மூன்று கிண்ணங்களும் காயும்போதே விரிசல் விட்டன. நாலாவது விரிசல் விடவில்லை. நான் அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் காகிதக் களிமண்ணைப் பற்றித் தெரியவந்தது. காகிதத்தை ஊறவைத்து, கூழாக அடித்து, பிழிந்து, களிமண் குழம்பில் கலந்துவிட வேண்டும். காகிதத்தின் நார் களிமண்ணை உள்ளேயிருந்து பிடித்துக்கொள்ளும். எளிதில் விரிசல் விடாது. காய்ந்த பிறகு உடைந்தால்கூட, கொஞ்சம் குழம்பைத் தடவி ஒட்டிவிடலாம். சாதாரணக் களிமண் இப்படி மன்னிக்காது. சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் காகிதம் எரிந்து போய், பாத்திரம் இலேசாகிவிடும். என்னைப் போன்ற ஆளை மனதில் வைத்துத்தான் எவரோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் பட்டம்

எந்தக் காகிதம் நல்லது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறேழு மாதம் ஆனது. செய்தித்தாள் கூழானது, ஆனால் களிமண் சாம்பல் நிறத்துக்குப் போனது. முட்டைத் தட்டு பரவாயில்லை, ஆனால் வாடை. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நாலு நாள் விட்டால் எந்த வாளியும் நாறும். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள். "இல்லம்மா, கலை" என்றேன். அவள் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பிறகு கல்யாணக் கார்டுகள். நம் வீடுகளில் இது ஒரு தீராத பிரச்சினை. முகப்பில் பிள்ளையார் இருப்பார். குப்பையில் போட மனசு வராது. வருஷக்கணக்கில் அலமாரியில் சேரும். உள்தாளை மட்டும் எடுத்துக்கொள்ள புஷ்பா அனுமதி கொடுத்தாள். ஊறப்போட்டேன். இந்தக் காலத்துக் கார்டுகள் பாதி பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து வாளியில் கையை விட்டால் மணமகள் கரைந்திருந்தாள், மண்டபம் கரைந்திருந்தது, இரண்டு பக்கத்துப் பெற்றோரும் கரைந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பட்டம் மட்டும் தங்க எழுத்தில் மிதந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வாளிக்கும் லேபிள் ஒட்டுவேன். பழக்கம் விடுமா? எந்தக் காகிதம் எந்த வாளியில் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காகிதம் வந்த கட்டிலேயே ஏதாவது லேபிள் இருந்தால், அதையே கிழித்து வாளியில் ஒட்டிவிடுவேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அடுக்குமாடி முழுவதும் என்னை 'பேப்பர் அங்கிள்' என்று அறியும். பழைய காகிதம் இருந்தால் ஒரு பையில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அதில் மிகவும் ஒழுங்கானவர் ஆறாவது மாடி கிம் அக்கா. திங்கட்கிழமை தவறாது.

சிவப்புப் பை

கிம் அக்கா சீனர். அவர் பேசும் தமிழைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய அப்பா தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அக்கா தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாப் பரம்பரை என்று ஒரு மிதப்பு உண்டு. தமிழில் திட்ட ஆரம்பித்தால், அந்தப் பரம்பரை முழுவதும் கிம் அக்காவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

அவருடைய கணவர் பெங் அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். பினாங்கிலிருந்து பாலம் தாண்டி பிறைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ். பதினோரு வருஷம் அதில் போனேன். நான் பிந்திவிட்டால் கீழே நின்று இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். மூன்றாவது தடவை அடித்ததே இல்லை, விட்டுவிட்டுப் போனதும் இல்லை. சும்மா நிற்பார். பஸ்ஸில் உள்ள நாற்பது பேரும் என்னைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மொதலாளி வந்துட்டாரு" என்பார். போன வருஷம் இறந்துபோனார்.

இது சீனர்களின் ஏழாம் மாதத்தில் நடந்தது. அந்த மாதம் இறந்தவர்களுக்கு வாசல் திறந்திருக்கும். வந்து போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கமும் வெள்ளியும் பூசிய காகிதங்களை இறந்தவர் பெயரைச் சொல்லி எரிப்பார்கள். எரிந்தது அவர்களுக்குப் போய்ச் சேரும்.

அன்று காலை எங்கள் மின்தூக்கி வழக்கம்போல் பழுது. பால்கனியில் விசிறியை ஓடவிட்டு வேலையாக இருந்தவன், ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், செருப்பு அலமாரியின் மேல் ஒரு சிவப்புப் பை. உள்ளே கட்டுக்கட்டாகத் தங்கத்தாள், வெள்ளித்தாள். ஒரு இளஞ்சிவப்புச் சீட்டில் சீன எழுத்து.

தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். அது என்ன காகிதம் என்று ஐந்து வயதிலேயே தெரியும். இது வேண்டாத காகிதம்தானா, மிச்சம் ஆனதா, ஆறாவது மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்போமா என்று மனசு சொன்னது. ஆனால் கையில் அந்தத் தாளைத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். சொரசொரவென்று, மெல்லிய மினுக்கைத் தவிர வேறு பூச்சு எதுவும் இல்லாத நார்க் காகிதம். பிளாஸ்டிக் இல்லை, மாப்பிள்ளை இல்லை. ஆறேழு மாதமாக நான் தேடிய காகிதம். மனசு சொன்னதை மனசிலேயே வைத்துவிட்டேன்.

சுடுதண்ணீரில் போட்டதும் பாலில் போட்ட ரொட்டி மாதிரி கரைந்தது. மத்தியானம் களிமண் குழம்பில் கலந்தேன். சீட்டைக் கிழித்து, வழக்கம்போல் வாளியில் ஒட்டினேன். கடைப் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குக் கிம் அக்கா வந்தார்.

குப்பை அறையில்

பொய் சொல்லிவிட்டுப் பால்கனிக்குத் திரும்பி வந்து கீழே பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது.

குப்பைத் தொட்டிகள் இருக்கும் கொட்டகையில் கிம் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு கறுப்புப் பையாக இழுத்து, முடிச்சை அவிழ்த்து, குடைக் கம்பியால் கிளறி, திரும்ப அதே முடிச்சைப் போட்டு வைத்தார். அவசரமே இல்லை. அடுத்த பை. அடுத்த பை.

புஷ்பா கோயிலிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள்.

"காதுல என்ன மின்னுது?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வயசான மனுஷி குப்பையக் கிளறுறதப் பாத்துக்கிட்டா நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று மாடி இறங்குவதற்குள் மூன்று விளக்கங்கள் தயார் செய்தேன். மாடிக்கு ஒன்றாக உதிர்ந்துவிட்டன. கொட்டகையில் போய் நின்றபோது மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

"அக்கா, நான்தான் எடுத்தேன்."

அவர் நிமிர்ந்தார். கையில் யார் வீட்டு மீன்முள்ளோ. என் முழங்கையில் காய்ந்து ஒட்டியிருந்த மினுக்கைப் பார்த்தார். மீன்முள்ளைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"காட்டுங்க" என்றார்.

முட்டி வலிதான் அவரைப் பாதி வழியில் அந்தப் பையை என் வாசலில் வைக்கவைத்தது என்று படியேறும்போது சொன்னார். மற்ற பைகளைக் காலையில் கீழே கொண்டுபோய்விட்டு, இதைச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். "தம்பி வீட்டு வாசல்தானே, பத்திரமா இருக்கும்னு வெச்சேன்." அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

லேபிள்

பால்கனிக்கு வந்ததும் அவர் வாளிக்குள் பார்க்கவில்லை. வாளியின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். குனிந்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார்.

"இது என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

"கடைப் பேருன்னு நெனச்சேன்க்கா."

"எங்க வீட்டுக்காரர் பேரு."

முப்பது வருஷம் லேபிள் பார்த்தவன். ஒரு லேபிளைப் படிக்காமல் ஒட்டியிருக்கிறேன். அதுவும் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுக் காத்திருந்தவரின் பெயரை.

வேறு கட்டு வாங்கித் தருகிறேன், இரண்டு மடங்கு வாங்கித் தருகிறேன் என்று உளறினேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். காகிதம் கடையில் கிடக்கிறது, அது விஷயமில்லை. விடிந்ததும் பெங் அண்ணன் படத்துக்கு முன்னால் இந்தக் கட்டை வைத்து, சீட்டில் பெயர் எழுதி, ஊதுபத்தி ஏற்றி, "இது உனக்கு" என்று சொல்லியாகிவிட்டது. அவருக்கென்று சொன்னதை இனி யாருக்கும் மாற்ற முடியாது, எரிக்கவும் முடியாது, அது என் வாளியில் சேறாகக் கிடக்கிறது.

"செத்து மொத வருஷம் தம்பி. வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டு, நம்ம பேரு போட்டது எங்கன்னு தேடுவாரு. மனுஷனுக்குக் கேக்கவும் வாய் வராது. சும்மா நிப்பாரு."

எனக்கு அவர் நிற்கிற மாதிரியே தெரிந்தது. பஸ்ஸை அணைக்காமல்.

அப்போது புஷ்பா, சமையலறை வாசலில் நின்றபடி, சாம்பாருக்கு உப்புப் போடலாமா என்று கேட்கிற தொனியில் கேட்டாள்:

"சூளையில வெச்சா உள்ள இருக்கற பேப்பர் எரிஞ்சி போயிரும்னு மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லுவீங்களே. அது நெஜமா, சும்மா பேச்சா?"

கிம் அக்கா என் பக்கம் திரும்பினார். "எரியுமா? முழுசாவா?"

"முழுசாக்கா. ஒரு நார்கூட மிச்சம் இருக்காது." என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக எந்தப் பொருளுக்கும் நான் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

"அப்ப எரிங்க லா" என்றார் அக்கா. "மாசம் முடிய இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள."

ஒரு துளிகூட

சொல்வது சுலபம். காகிதக் களிமண்ணானாலும் நன்றாகக் காய்ந்தால்தான் சூளைக்குப் போகலாம். உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துவிடும். வெளியே தினமும் மழை.

மறுநாள் காலை அக்கா ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: அந்த வாளியில் இருப்பதில் ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது, எல்லாம் எரிய வேண்டும். நான் பழைய தலையணை உறையில் கூழைப் பரப்பி ஈரத்தை இழுக்கவைத்தேன். அக்கா வாளியின் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டினார். தரையில் நான் நேற்றுச் சொட்டவிட்டதைச் சுரண்டினார். என் காதில் ஒட்டியிருந்த மினுக்கை நகத்தால் எடுத்து, "இதுவும் அவரோடதுதான்" என்று உள்ளே போட்டார்.

என்ன செய்வது என்று யோசித்தோம். பெங் அண்ணன் பறவை வளர்த்தவர். மாத்தா பூத்தே என்று இங்கே சொல்லும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பறவைகள். ஞாயிற்றுக்கிழமை கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் போட்டிக்குப் போவார். பறவைகளை அக்கா அவருடைய நண்பர்களிடம் கொடுத்துவிட்டார். கூண்டுகள் மட்டும் இருந்தன. "இப்ப வர்ற பிளாஸ்டிக் கப்பு கவுந்துருதுன்னு திட்டிக்கிட்டே இருப்பாரு" என்றார் அக்கா. அப்படியானால் தண்ணீர்க் கிண்ணம்.

புஷ்பா ஏழு செய்தாள். ஏழும் ஒரே அளவு. ஒன்றும் சொல்லாமல் வரிசையாக என் முன்னால் வைத்தாள். தோசை ஞாபகம் வந்தது. அக்கா ஐந்து செய்தார். ஒவ்வொன்றிலும் அவருடைய கட்டைவிரல் பதிந்திருந்தது. மிச்சத்தில் நான் ஒரு பெரிய கிண்ணம் செய்தேன். தலைமைக் கலைஞன் அல்லவா? விளிம்பு கடல் அலை மாதிரி வளைய வேண்டும் என்று கற்பனை. "எதுக்கு இது மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

ரிஜெக்ட்

சூளை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் இருந்தது. புதிய வீடமைப்பில் குணா என்று ஒருவன் வீட்டில். குணா பிறையில் எனக்குக் கீழே வேலை செய்தவன். அவன் செய்து அனுப்பிய பெட்டிகளை நான் எத்தனை தடவை திருப்பியிருப்பேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஐந்தாம் நாள், மழை விட்ட நேரமாகப் பார்த்து, என் காடியில் (காரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இரண்டாவது பாலம் வழியாகப் போனோம். பின்சீட்டில் புஷ்பாவின் மடியில் கிண்ணங்கள். முன்சீட்டில் கிம் அக்காவின் மடியில் என் அலை.

குணா ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஈரம் இருந்தால் கன்னத்தில் குளிரும். புஷ்பாவின் கிண்ணத்தை வைத்தான். அக்காவின் கிண்ணத்தை வைத்தான். கடைசியில் என் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் நின்றான். அவன் அதை அனுபவித்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

"சில்லுன்னு இருக்கு சார்."

"கொஞ்சம்தானே குணா."

"கொஞ்சம் கோணலா இருந்தாலும் ரிஜெக்ட்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்க் காய வெச்சிக் கொண்டாங்க. சனிக்கெழம காலைல வெக்கிறேன். அதுக்கப்புறம் நான் வெளியூர்."

சனிக்கிழமைதான் எட்டாம் நாள்.

திரும்பும் வழியில் ஒரு வேகத்தடை. நான் பார்க்கவில்லை, குணாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். காடி எகிறியது. அக்காவின் மடியில் என் கிண்ணம் இரண்டாகப் பிளந்தது.

காடியை ஓரமாக நிறுத்தினேன். அக்கா இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, பயந்துபோய், "நான் இறுக்கிப் புடிச்சிட்டேனா தம்பி?" என்று கேட்டார். நான் செய்த தப்பு எல்லாவற்றுக்கும் அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

"இல்லக்கா. இது ஒட்டும். நெஜமா ஒட்டும்."

வீட்டுக்கு வந்து, வாளியைக் கழுவி எடுத்து வைத்திருந்த கடைசிக் குழம்பை உடைந்த ஓரங்களில் தடவி, இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அக்கா பக்கத்திலேயே நின்றார். உள்ளே இருக்கும் நார் இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "அவரோட காயிதம் அவரோட கிண்ணத்தப் புடிச்சிக்காதா பின்ன?" என்றார்.

உலர்த்துவதற்கு வழி கண்டுபிடித்ததும் அவர்தான். ஆறாவது மாடி நடைபாதையில் பெங் அண்ணன் கூண்டுகளை ஏற்றி இறக்கக் கயிறும் உருளையும் பொருத்தியிருந்தார். கூண்டுகளுக்குள் கிண்ணங்களை வைத்து, வெயில் வரும்போது ஏற்றினோம். தூறல் விழுந்தால் இறக்கினோம். காக்கை கொத்தாது, பூனை தள்ளாது, நான் உட்கார முடியாது. மூன்று நாளும் அக்கா நாற்காலி போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட நனையவில்லை.

சனிக்கிழமை குணா என் கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தான்.

"பாஸ்" என்றான். முப்பது வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, கேட்கிற பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவனிடம் எத்தனையோ தடவை சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதை அவனிடம் சொன்னேன். "பரவால்ல சார், பாதி நெஜமாவே கோணல்தான்" என்றான்.

புகை

சூளை மூடும் முன், அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். வாளியிலிருந்து தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்து எடுத்த அந்த இளஞ்சிவப்புச் சீட்டு. நான் ஒட்டவைத்த கிண்ணத்துக்குள் அதை வைத்தார்.

பத்து மணி இருக்கும். சூளையின் சின்ன ஓட்டையிலிருந்து முதலில் ஆவி வந்தது. பிறகு மெல்லிய புகை. காகிதம் எரிகிற வாசனை. ஏழாம் மாதத்தில் பினாங்குத் தெருக்களில் வரும் அதே வாசனை. குணா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டான். புஷ்பா செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன்.

கிம் அக்கா கைகூப்பி, ஹொக்கியன் மொழியில் நிதானமாகப் பேசினார். சண்டை போடுவது போலவும் இருந்தது, விலாசம் சொல்வது போலவும் இருந்தது. முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொன்னீங்க?"

"இந்த வருஷம் பத்து காவான்லேர்ந்து அனுப்புறேன், வழி மாறிப் போயிராதேன்னு சொன்னேன். பாலம் தாண்டி வரத்தான் அவருக்குத் தெரியுமே." கைப்பையை மூடிக்கொண்டே, "லேட்டானதுக்கு மூணாவது மாடி மொதலாளிதான் காரணம்னும் சொல்லிட்டேன்" என்றார்.

குணாவின் மச்சான் சூளையை ஆறவைத்துத் திறக்க, நாங்கள் மறுநாள் மாலை போய் எடுத்தோம். மாதத்தின் கடைசி நாள். சீட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அக்கா கட்டைவிரல் பதிந்த ஒரு கிண்ணத்தைத் தூக்கினார். தூக்கிய கை எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டது. அவ்வளவு இலேசு. இன்னொன்றைத் தூக்கினார். பிறகு என் கிண்ணத்தை. எடை போடுவது போல இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"போய்ச் சேந்துருச்சு" என்றார்.

திரும்பி வரும் வழி முழுவதும் தூங்கினார். வேகத்தடைகளில் நான் மாட்டு வண்டி ஓட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கம்பிக் கதவைத் தட்டினார். கூண்டில் ஒரு கிண்ணத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்ததாகவும், விடிந்து பார்த்தால் காலியாக இருந்ததாகவும் சொன்னார். பளபளப்புப் பூசாத கிண்ணம் அது, ஊறிக் கசியும். தரக்கட்டுப்பாட்டு வாய் திறக்கப் போனது. புஷ்பா என் காலை மிதித்தாள்.

"நல்லா குடிச்சிருக்காருக்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒழுகுது தம்பி. கீழ தரையெல்லாம் ஈரம். முப்பது வருஷம் சாமான் செக் பண்ணேன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க, ஒழுகுற கப்பக் குடுத்திருக்கீங்க. அடுத்த வருஷம் ஒழுகாம பண்ணுவோம். நானும் கத்துக்கணும்."

அவர் போன பிறகுதான் கதவில் தொங்கிய பையைப் பார்த்தேன். சிவப்புப் பை. தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தேன். பழைய செய்தித்தாள். மேலே ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு, அதில் தமிழ் எழுத்து. பேச மட்டுமே தெரிந்தவர், புஷ்பாவிடம் கேட்டு எழுதினாராம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். லேபிள் படு கோணல்.

'தம்பிக்கு' என்று இருந்தது.

இந்தத் தடவை இரண்டு முறை படித்தேன். பிறகு உரித்து எடுத்து, வாளியில் பெங் அண்ணன் பெயர் இருந்த இடத்திலேயே ஒட்டினேன்.